நிழல்களை இணைத்து உருவம் கண்டவர்: ஜி. என். இராமச்சந்திரன்

முன்னுரை

பெங்களூரின் கிழக்கே அமைந்துள்ள வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கான சிற்றூராகத் தோன்றியது. இன்று அது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் ஆய்வு மையங்களும் மருத்துவமனைகளும் நிறைந்த பெருநகர்ப் பகுதியாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. மருத்துவப் படக்கருவிகளைப் பற்றி ஆராயும் நிறுவனங்களும் இப்பகுதியில் உள்ளன. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையம் அவற்றுள் ஒன்று.

உடலைக் கீறாமல் உடலின் உட்பகுதியைப் படமாகக் காண்பது இன்று எளிதாகிவிட்டது. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்னும் சொற்களை அறியாதவர் அரியர். ஆனால், கருவி திரட்டும் எண்களைக் கண்ணுக்குத் தெரியும் படமாக மாற்றுவதற்கு ஒரு கணிதம் வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கணிதத்திற்கு அரும்பங்கு ஆற்றியவர் ஒருவர், வைட்ஃபீல்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். அவரே ஜி. என். இராமச்சந்திரன். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். பெயரின் முதலெழுத்து, கோபாலசமுத்திரம் என்னும் குடும்பத்தின் ஊரைக் குறிக்கும். மலையாள மண்ணில் பிறந்து வளர்ந்தாலும், தம் குடும்பத்தின் தமிழ் ஊர்ப்பெயரை வாழ்நாள் முழுவதும் தம் பெயரோடு தாங்கியவர் அவர்.

தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆதலால், சிறுவர் இராமச்சந்திரனுக்குக் கணிதம் வீட்டிலேயே கிடைத்த செல்வமாயிற்று. பள்ளிக் கல்விக்குப் பின் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல் பயின்றார். 1942-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில் அங்கு இயற்பியல் பேராசிரியராக விளங்கியவர், திருச்சிக்கு அருகில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இராமச்சந்திரனின் உள்ளம் இயற்பியலையே நாடிற்று. அவருடைய அறிவாற்றலைக் கண்ட இராமன், அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். இளைஞரின் வாழ்க்கை அங்குத் திசை திரும்பியது.

இராமனின் வழிகாட்டுதலில் ஒளியியலையும் படிகங்களின் அமைப்பையும் ஆராய்ந்தார். 1947-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தில் பயின்று 1949-ஆம் ஆண்டு முனைவர் பட்டமும் பெற்றார். ஊடுகதிர்களைப் பொருளின்மீது செலுத்தி, அவை சிதறும் முறையைக் கொண்டு அப்பொருளினுள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை அறியும் கலையில் அவர் தேர்ச்சியுற்றார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வடிவத்தை, அது விட்டுச்சென்ற தடத்திலிருந்து கணித்தறிவதே அக்கலையின் சாரம். அவர் பிற்காலத்தில் செய்த பணிகள் அனைத்திற்கும் இதுவே வித்தாக அமைந்தது.

சென்னையில் ஒரு புதிய தொடக்கம்

தாயகம் திரும்பிய இராமச்சந்திரன் சிறிது காலம் பெங்களூரில் பணிபுரிந்தார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்க்க விரும்பிய அவர், தக்க தலைவர் ஒருவரைத் தேடினார். இராமனின் பரிந்துரையால் அப்பொறுப்பு இராமச்சந்திரனிடம் வந்தது. 1952-ஆம் ஆண்டு அவர் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிவியலறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் அறியப்படவில்லை என்பதை எடுத்துரைத்தார். கொலாஜன் நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம். தோல், எலும்பு, தசைநாண், இரத்தக்குழாயின் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தருவது அதுவே. வீட்டிற்குத் தூணும் உத்திரமும் எவ்வாறோ, உடலுக்குக் கொலாஜன் அவ்வாறு.

அக்காலத்தில் பெரும் ஆய்வகங்கள் மேலைநாடுகளிலேயே இருந்தன. எனினும், சென்னைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே அமைந்திருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜனே அன்றோ! அங்கிருந்து சுறாத்துடுப்பின் கொலாஜன் கிடைத்தது. பின்னர்க் கங்காரு வாலின் தசைநாணும் தருவிக்கப்பட்டது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அவற்றை ஊடுகதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தனர்.

கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது முன்பே தெரிந்திருந்தது. கிளைசின் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. மூன்றுக்கு ஒன்றாக அது வருவானேன்? மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால், நடுவில் மிகச் சிறிய இடமே எஞ்சும். அவ்விடத்தில் பொருந்தக்கூடியது கிளைசின் ஒன்றே. இவ்வாறு எண்ணிய அவர்கள், மூவிழை முறுக்கு அமைப்பை 1954-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டு அதனைத் திருத்தி, முறுக்கிய இழைகள் மேலும் முறுக்கிக்கொள்ளும் வடிவத்தையும் வெளியிட்டனர். கயிறு திரிப்போர் மூன்று புரிகளை முறுக்கிக் கயிறாக்குவதைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

மறுப்பே மருந்தாயிற்று

புகழைப் பின்தொடர்ந்து மறுப்பும் வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜனின் அமைப்பை ஆராய்ந்து, சென்னை ஆய்வாளர்களின் மாதிரியில் சில அணுக்கள் ஏற்கத்தக்க அளவினும் நெருங்கி நிற்பதாகக் குறை கூறினர். கிரிக், மரபுப்பொருளான டி.என்.ஏ.-வின் அமைப்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவர். அத்தகையவர் கூறிய குறை எளிதில் புறந்தள்ளத்தக்கது அன்று.

இராமச்சந்திரன் சினம் கொள்ளவும் இல்லை; சோர்ந்து அமரவும் இல்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் அடிப்படை வினாவை எழுப்பிக்கொண்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளைத் திரட்டி, அணுக்களின் இடைவெளிகளை அட்டவணைப்படுத்தினார். அந்த எல்லைகளை மீறாமல் ஒரு புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு வளையலாம், எவ்வெவ்வாறு வளைய இயலாது என்பதைக் கணக்கிட்டார். சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இப்பணியில் துணைநின்றனர். மேசைக் கணக்கிடு பொறிகளைக் கொண்டு பொறுமையாகச் செய்யப்பட்ட கணக்குகள் அவை.

அதன் பயனாக 1963-ஆம் ஆண்டு ஒரு வரைபடம் வெளிவந்தது. புரதச் சங்கிலியின் இரண்டு திருப்பு கோணங்களை இரு அச்சுகளில் குறித்து, இயலும் பகுதிகளையும் இயலாப் பகுதிகளையும் அது பிரித்துக் காட்டிற்று. அதுவே இராமச்சந்திரன் வரைபடம் என இன்று உலகெங்கும் வழங்குகிறது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிவோர், அது சரியா தவறா எனச் சோதிக்க இவ்வரைபடத்தையே நாடுகின்றனர். ஒரு மாதிரியைப் பற்றிய மறுப்பு, எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் பொதுவிதியைப் பெற்றுத் தந்தது.

நிழல்களிலிருந்து உருவம்

1970-களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் மீண்டும் பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். அக்காலத்தில் அவர் கருதிய மற்றொரு சிக்கல், பல படங்களிலிருந்து ஒரு பொருளின் முழு வடிவத்தை மீட்பது.

ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழல். கதிர் செல்லும் வழியில் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழும். மாலை வெயிலில் நிற்கும் கோயில் தேரின் நிழலைக் கண்டு, அதன் உள்ளமைப்பைக் கூற இயலுமா? ஒரு நிழலால் இயலாது. ஆனால், சுற்றிலும் பல திசைகளிலிருந்து ஊடுகதிர் செலுத்தி நிழல்களைப் பதிவு செய்தால், அவற்றை இணைத்து உள்ளமைப்பைக் கணிக்கலாம்.

ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிச் சேர்ப்பது ஒரு வழி. அவ்வாறு செய்தால் உருவம் தோன்றும். ஆயினும் பனிமூட்டத்தில் காண்பது போல மங்கலாகத் தோன்றும். பூரியே மாற்று என்னும் கணித முறையால் அம்மங்கலை நீக்கலாம் எனினும், அதற்குக் கணிப்பு வேலை மிகுதி. இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971-ஆம் ஆண்டு எளிய வழியொன்றை வெளியிட்டனர். நிழல்களைப் பரப்புவதற்கு முன்பே, ஒவ்வொன்றையும் ஒரு திருத்த வாய்பாட்டால் கூர்மையாக்கிவிட வேண்டும். பிறகு அவற்றைப் பரப்பிச் சேர்த்தால், மங்கல் நீங்கிய தெளிவான உருவம் கிடைக்கும்.

அதே 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டன் மருத்துவமனை ஒன்றில் காட்ஃபிரே ஹௌன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. படமாக எடுக்கப்பட்டது. ஹௌன்ஸ்ஃபீல்ட் முதலில் வேறொரு கணக்கு முறையைக் கையாண்டார். பின்வந்த கருவிகளில், நிழல்களைத் திருத்திப் பரப்பும் முறையே வேகம் கருதிப் பெரிதும் கையாளப்பட்டது. அம்முறையின் வடிப்பான் ஒன்று, இராமச்சந்திரன், இலட்சுமிநாராயணன் என்னும் இருவர் பெயரையும் சுருக்கி ராம்-லாக் என இன்றும் அழைக்கப்படுகிறது.

சி.டி. கருவிக்காக 1979-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹௌன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. ஆயினும், 1961-ஆம் ஆண்டில் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும், 1977-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும், 1999-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசும் அவரை வந்தடைந்தன.

மூளைத் தமனியும் காந்தப் படமும்

இராமச்சந்திரன் ஆராய்ந்த பொருளும் அவர் வளர்த்த படக்கலையும் இன்று மருத்துவத்தில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியின் சுவரே அவ்விடம்.

மூளையின் நடுத்தமனி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதன் சுவரோ ஒரு மில்லிமீட்டரினும் மெல்லியது. முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் முதலிய காரணங்களால் அச்சுவரினுள் கொழுப்பு படியலாம். அப்படிவின்மேல் கொலாஜன் இழைகளால் ஆன மூடி ஒன்று உருவாகிறது. மூடி தடித்திருந்தால் படிவு அடங்கியிருக்கும். மூடி மெலிந்து கிழிந்தால், அவ்விடத்தில் குருதி உறைந்து தமனியை அடைக்கும். அல்லது உறைந்த துணுக்கு பெயர்ந்து சென்று அப்பாலுள்ள கிளையை அடைக்கும். மூளையின் ஒரு பகுதி குருதியின்றி வாடும். இதுவே பக்கவாதத்தின் ஒரு வகை. மூளையினுள் செல்லும் தமனிகளில் தோன்றும் இப்படிவு, ஆசிய மக்களிடையே பக்கவாதத்திற்கு ஒரு முதன்மையான காரணமாக உள்ளது.

முன்னாளில் மருத்துவர்கள் தமனியின் வழியை மட்டுமே படமெடுத்தனர். குருதி செல்லும் வழி குறுகியிருந்தால் நோய் உண்டு. குறுகாவிடில் நோய் இல்லை எனக் கருதினர். ஆனால், படிவு வளரும்போது தமனி சிலவேளை வெளிப்புறமாக விரிந்து கொடுக்கும். அப்போது வழி குறுகாது. படத்தில் நோயும் தெரியாது. ஆற்றின் நீரோட்டத்தை மட்டும் பார்த்துக் கரையின் அரிப்பைக் காணாமல் விடுவது போன்றது இது.

இக்குறையைப் போக்க உதவுவது காந்த ஒத்ததிர்வுப் படம். எம்.ஆர்.ஐ. என நாம் வழங்குவது இதனையே. இதில் ஊடுகதிர் இல்லை. புவியின் காந்தப்புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு வலிய காந்தத்தினுள் நோயாளி படுத்திருப்பார். உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அக்காந்தத்திற்கு இணங்கும். வானொலி அலையால் தூண்டினால், அவை மெல்லிய எதிரலைகளைத் தரும். அவ்வலைகளைக் கணிதத்தால் படமாக மாற்றுவர். 1973-ஆம் ஆண்டு பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் காந்தப் படங்களும், பல திசைக் காட்சிகளை இணைத்து உருவம் மீட்கும் கருத்தையே பின்பற்றின. பின்னர்ப் பூரியே மாற்று முறை இத்துறையில் பெருவழக்காயிற்று.

தமனியின் சுவரைக் காண, ஓடும் குருதி தரும் எதிரலையை அடக்கிவிடுவர். குருதி கருமையாகத் தோன்ற, சுவர் மட்டும் துலங்கும். சுவர் ஒருபுறம் மட்டும் தடித்துள்ளதா, சுற்றிலும் ஒரே சீராகத் தடித்துள்ளதா என மருத்துவர் நோக்குவர். ஒருபுறத் தடிப்பு பெரும்பாலும் கொழுப்புப் படிவைக் குறிக்கும். சீரான தடிப்பு பெரும்பாலும் தமனி அழற்சியைக் குறிக்கும். படிவினுள் குருதி கசிந்திருந்தால் அவ்விடம் ஒளிரும். காடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தியபின் படிவு பளிச்சிட்டால், அது கொந்தளிக்கும் நிலையில் உள்ளது என ஐயுறுவர். இவ்வாறு, எத்தனை அடைப்பு என்பதோடு எத்தகைய படிவு என்பதையும் அறிந்து மருத்துவம் செய்ய இயல்கிறது.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், நோயாளி காலம் தாழ்த்தாமல் வந்தால்தான் பயன் உண்டு. திடீரென முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் அறிகுறிகள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். வீட்டில் எவருக்கேனும் இவ்வறிகுறிகள் தோன்றினால், உறங்கி எழுந்தால் சரியாகிவிடும் எனக் காத்திராமல், உடனே 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். சிறுவர்களும் செய்யக்கூடிய உயிர்காக்கும் உதவி இது.

இறுதிக் காலம்

இராமச்சந்திரன் இசையை நேசித்தவர். தத்துவத்திலும் தருக்கத்திலும் தோய்ந்தவர். இந்தியத் தருக்க மரபின் கருத்துகளைக் கணித வடிவில் அமைக்கும் முயற்சியில் பிற்காலத்தில் ஈடுபட்டார். அவருடைய மகன் இரமேஷ் நாராயண் புகழ்பெற்ற வானியற்பியல் அறிஞராகத் திகழ்கிறார்.

முதுமை அவருக்குக் கடுமையாக அமைந்தது. நடுக்குவாத நோய் அவரைப் பற்றிற்று. 1945-ஆம் ஆண்டில் மணந்து வாழ்வு முழுவதும் தாங்கி நின்ற மனைவி இராஜலட்சுமி 1998-ஆம் ஆண்டு மறைந்தார். மறு ஆண்டு இராமச்சந்திரன் பக்கவாதத்தால் தாக்குண்டார். மூளையைப் படமாகக் காணும் கலைக்குக் கணிதம் வகுத்தவரின் மூளையையே நோய் தாக்கியது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார்.

தம் மாதிரியில் பிறர் கண்ட குறையை ஆராய்ந்தமையால் அவர் உலகப் புகழ் வரைபடத்தை அடைந்தார். எளிய கருவிகளோடு சென்னையிலும் பெங்களூரிலும் அமர்ந்தே உலகின் முன்னணி ஆய்வகங்களோடு சமமாக நின்றார். இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் நோயாளியைச் சுற்றிச் சுழலும் சி.டி. கருவியில் அவருடைய கணிதத்தின் தடம் உள்ளது.

அருஞ்சொற்பொருள்

ஊடுகதிர் – எக்ஸ்ரே
தமனி – இதயத்திலிருந்து குருதியை உடல் உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்
குருதி – இரத்தம்
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்
அழற்சி – உடலின் ஒரு பகுதி சிவந்து வீங்கும் நிலை
புரி – கயிற்றின் ஓர் இழை
துலங்கும் – தெளிவாகத் தோன்றும்
புறந்தள்ளுதல் – பொருட்படுத்தாது விடுதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கொலாஜனில் கிளைசின் மூன்றுக்கு ஒன்றாக அமைந்திருப்பதன் காரணம் யாது?
2. கொலாஜனை ஆராயச் சென்னையில் அமைந்த வாய்ப்பு யாது?
3. பக்கவாதத்தின் அறிகுறிகள் மூன்றினைக் கூறுக.

ஆ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. மறுப்பை இராமச்சந்திரன் எதிர்கொண்ட முறையை விளக்குக. அதிலிருந்து நீங்கள் கற்பது யாது?
2. தமனியின் வழியை மட்டும் காண்பதற்கும் சுவரைக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
அறிவாற்றல், உயிரியற்பியல், தாயகம், எதிரலை

ஈ. செய்து பார்க்க.
குவளை, சீப்பு, கரண்டி ஆகியவற்றை விளக்கின்முன் பல திசைகளில் திருப்பி, சுவரில் விழும் நிழல்களைத் தாளில் வரைக. பொருளின் பெயரைக் கூறாமல், நிழல்களை மட்டும் தோழரிடம் காட்டுக. எத்தனை நிழல்களைக் கண்டபின் அவர் பொருளைக் கண்டுபிடித்தார் எனக் குறித்து வகுப்பில் கூறுக.